வீட்டுவேலை செய்வோர் நீங்கலாக

மூதூர் ஷாபி நகரைச் சேர்ந்த ரிசானா நஃபீக் பிறந்தது 1988 பிப்ரவரி 4. அவருடைய பாஸ்போர்ட்டில் இருந்த பிறந்த தேதி 1982 பிப்ரவரி 2. நடுவில் காணாமல் போன ஆறு ஆண்டுகளும் இரண்டு நாட்களும் ஏஜெண்ட் போட்ட கணக்கு. விறகு வெட்டிப் பிழைக்கும் குடும்பத்தின் 17 வயதுப் பெண், காகிதத்தில் 23 வயதுக்காரியாகி, 2005 மே மாதம் வீட்டு வேலைக்காகச் சவூதி அரேபியா போய் இறங்கினார்.

அதே மாதம் 22ஆம் தேதி, அவர் பொறுப்பில் விடப்பட்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. புட்டிப்பால் கொடுக்கும்போது புரையேறிவிட்டது என்றார் ரிசானா. கழுத்தை நெரித்துக் கொன்றார் என்றது வழக்கு. காவலில் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை, மிரட்டி வாங்கியது என்று பிறகு மறுத்தார். முதல் விசாரணையில் அவருக்கு வக்கீல் இல்லை. அவர் பேசியது தமிழ், பதிவானது அரபி. நடுவில் நின்று மொழிபெயர்த்தவருக்கு இந்த வேலையைச் செய்யுமளவுக்குத் தமிழ் தெரியுமா என்பதே சந்தேகமாக இருந்தது. 2007 ஜூன் 16 அன்று மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9 அன்று தவாத்மி நகரில் வாளால் நிறைவேற்றப்பட்டது. குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்ட நாளில் 18 வயது நிரம்பாதவருக்கு மரண தண்டனை கூடாது என்னும் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் சவூதி 1996லேயே சேர்ந்திருந்தது. ஆனால் பாஸ்போர்ட் அவருக்கு 23 வயது என்றது.

அன்று இலங்கை நாடாளுமன்றம் ஒரு நிமிடம் எழுந்து நின்றது. நான் அப்போது சமூகவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டலில் இரவெல்லாம் விவாதித்தோம். ஷரியா சட்டம், காட்டுமிராண்டித்தனம் என்று பேசிப் பேசி, கடைசியில் நல்லவேளை நாம் அந்த நாட்டில் பிறக்கவில்லை என்கிற நிம்மதியோடு தூங்கப் போனோம். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்களோடு சில ஆண்டுகள் வேலை செய்த பிறகுதான் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று புரிந்தது. வாளைப் பற்றியே பேசிய நாங்கள், அந்த வாளுக்கு முன்னால் இருந்த காகிதங்களைப் படிக்கவே இல்லை. ரிசானாவை அனுப்பிய நாடும் வாங்கிய நாடும் தங்கள் சட்டங்களில் அவரை என்னவென்று எழுதி வைத்திருந்தன?

வாங்கிய நாட்டிலிருந்து தொடங்குவோம். ரிசானா போன அதே 2005ஆம் ஆண்டில்தான் சவூதி தன் தொழிலாளர் சட்டத்தைப் புதிதாக எழுதியது. வேலை நேரம், கூலி, விடுப்பு, முறையீடு எல்லாம் அதில் உண்டு. அதன் 7ஆம் பிரிவு, இந்தச் சட்டம் யாருக்கெல்லாம் பொருந்தாது என்று பட்டியலிடுகிறது. வீட்டுப் பணியாளர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். லெபனானின் தொழிலாளர் சட்டம் 1946ல் வந்தது. அங்கேயும் 7ஆம் பிரிவுதான், தனியார் வீடுகளில் வேலை செய்யும் பணியாட்கள் நீங்கலாக. குவைத் 2010ல் கொண்டுவந்த தனியார் துறைத் தொழிலாளர் சட்டத்திலும் அப்படியே. சிங்கப்பூரின் வேலைவாய்ப்புச் சட்டமும் வீட்டுப் பணியாளர்களை இன்றுவரை வெளியேதான் நிறுத்தியிருக்கிறது.

இதை அரபு நாடுகளின் குணம் என்று நினைப்பவர்கள் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். குறைந்தபட்சக் கூலியையும் வேலைநேர வரம்பையும் கொண்டுவந்த நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டம் ரூஸ்வெல்ட் காலத்துச் சாதனையாகப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அதில் விவசாயக் கூலிகளும் வீட்டுப் பணியாளர்களும் சேர்க்கப்படவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் 1935ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் இந்த இரண்டு பிரிவினரும் விடப்பட்டார்கள். தென் மாநிலங்களில் இந்த இரண்டு வேலைகளையும் யார் செய்தார்கள் என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். அடிமைகளின் பேரப்பிள்ளைகள். தென் மாநில வெள்ளை உறுப்பினர்களின் ஓட்டு இல்லாமல் சட்டம் நிறைவேறாது. கறுப்பர்கள் என்று எழுத அரசியல் சாசனம் இடம் தராது. எனவே கறுப்பர்கள் செய்யும் வேலைகளின் பெயரை எழுதினால் போதும் என்றாகிவிட்டது. வீட்டுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்க 1974 வரை 36 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

சாதியின் பெயரைச் சொல்லாமல் தொழிலின் பெயரைச் சொல்லி ஒதுக்குகிற வித்தை நமக்குப் புதிதில்லை. அதனால்தான் இந்த வரலாற்றை நாம் படிக்க வேண்டும் என்கிறேன்.

இந்த விதிவிலக்குக்கு எல்லா நாட்டிலும் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. வீடு தொழிற்கூடம் கிடையாது, அங்கே இன்ஸ்பெக்டர் நுழைய முடியாது என்பது ஒன்று. இன்னொன்று, அவள் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி மாதிரி. என் அம்மா பத்து வருடங்களுக்கு மேல் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். குடும்பத்தில் ஒருத்தி என்று அவரையும் சொன்னார்கள். பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும், டீ குடிக்கும் டம்ளரைக் கழுவிக் கொல்லைப்புறத்து மாடத்தில் தனியாகக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பவை அந்தக் குடும்பத்தின் விதிகள். வீட்டு வேலைக்குள்ளேயே சாதி இருக்கிறது. சமையலுக்கு ஒருத்தி, பாத்திரத்துக்கு ஒருத்தி, கக்கூஸ் கழுவ ஒருத்தி. மூவரும் ஒரே வீட்டில் வேலை செய்வார்கள், ஒரே சாதியாக மட்டும் இருக்கமாட்டார்கள்.

விதிவிலக்கு ஒரு பூட்டு என்றால் இன்னொரு பூட்டு கஃபாலா. வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் வீட்டில் ‘கபீல்’ என்ற சொல் சாதாரணமாகப் புழங்கும். பொறுப்பேற்பவர் என்று பொருள். விசா, தங்கும் அனுமதியான இகாமா, வேலை மாறும் உரிமை, சில நாடுகளில் ஊர் திரும்பும் அனுமதி வரைக்கும் கபீலின் கையில். வீட்டை விட்டு ஓடினால் கபீல் புகார் கொடுப்பார், அந்த நொடியிலிருந்து அவள் சட்டவிரோதக் குடியேறி. அடித்தவரைப் பற்றிப் புகார் சொல்லப் போனவளே கைதியாவது இப்படித்தான்.

இதைப் பாலைவனத்துப் பழங்குடி மரபு என்று எழுதுபவர்கள் உண்டு. அண்மைக்கால ஆய்வுகள் வேறு தடத்தைக் காட்டுகின்றன. 1920களில் பஹ்ரைனில் முத்துக் குளிக்கும் தொழிலுக்கு வெளியாட்கள் வந்தபோது, அவர்களைக் கண்காணிக்க ஆளும் செலவும் போட விரும்பாத பிரிட்டிஷ் நிர்வாகம், வந்தவருக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. எண்ணெய் கிடைத்த பிறகு அந்த ஏற்பாடு பெரிதாக வளர்ந்தது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது கத்தாரில் 1952ல், சவூதியில் 1962ல், ஓமனில் 1970ல். அதே பத்தாண்டுகளில்தான் ஆசியாவிலிருந்து வேலையாட்கள் வரத் தொடங்கினார்கள். அடிமை வேலை பார்த்த வீட்டில் இப்போது யார் வேலை பார்ப்பது என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்களில் நம் பெண்களும் உண்டு.

பிரிட்டிஷ் பேரரசுக்கு இந்த ஏற்பாடு அந்நியமானதும் இல்லை. ஊர் திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இந்திய ஆயாக்களைக் கூட்டிப்போகும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. சென்னை மாகாணத்துப் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். லண்டனில் இறங்கியதும் பல குடும்பங்களுக்கு ஆயா தேவைப்படாது. 1908ல் அப்படி ஒருவரை ஒரு பவுண்டு கூலியோடு கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் விட்டுவிட்டுப் போன விவகாரம் இந்தியா ஆபீஸ் வரை போனது. கைவிடப்பட்டவர்களும் திரும்பும் கப்பலுக்குக் காத்திருப்பவர்களும் தங்குவதற்கு, 1900 முதல் ஹாக்னி பகுதியில் கிங் எட்வர்ட் சாலை 26ஆம் எண் வீட்டில் ஆயாக்கள் இல்லம் இயங்கியது. லண்டன் நகர மிஷன் நடத்தியது. எஜமானி அந்த ஆயாவின் திரும்பும் டிக்கெட்டை இல்லத்திடம் ஒப்படைத்துவிடுவார். இந்தியா போகிற வேறொரு குடும்பம் அந்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டால் ஆயாவும் கூடப் போவார். அவளுக்கென்று ஒரு டிக்கெட் இல்லை, டிக்கெட்டோடு அவள் கைமாறினாள். 2022 ஜூனில் அந்த வீட்டின் சுவரில் நினைவுப் பலகை ஒன்றைப் பதித்தார்கள். இல்லம் நடத்தியவர்களின் கருணையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இல்லம் எதற்குத் தேவைப்பட்டது என்றும் அந்தப் பலகைக்கு முன் நின்று யாராவது கேட்க வேண்டும்.

இனி அனுப்பிய நாடுகள். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது, நம் அரசுகளும் மாட்டிக்கொள்கின்றன.

இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கான குடிபெயர்வைக் கவனிக்கும் அதிகாரிக்குக் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்று பெயர். சென்னையிலும் அவருக்கு அலுவலகம் உண்டு. இந்தப் பதவிப் பெயர் 19ஆம் நூற்றாண்டில் நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிய காலத்தைச் சேர்ந்தது. மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் போனவர்களை அன்று ‘பாதுகாத்தவரும்’ இவர்தான். ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்த பிறகு 1922ல் ஒரு குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதை மாற்றி 1983ல் இப்போதைய சட்டம். இதன்படி சில பாஸ்போர்ட்டுகள் குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் பாஸ்போர்ட்டுகள். சுருக்கமாக ஈ.சி.ஆர். யாருக்கு இந்த முத்திரை? முக்கியமாக, பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு. அவர்கள் வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாத பெண் எந்தத் தெருவில் இருப்பாள் என்பதை இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாஸ்போர்ட்டில் சாதி எழுதுவதில்லை, எழுதாமலே தெரிகிறது.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒரு நிபந்தனை உண்டு. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டோடு அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று 2007ல் அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. வேலைக்கு வைப்பவர் 2,500 டாலர் வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும் என்றும் விதி வந்தது. குவைத் அதை எதிர்த்தது, 2017ல் அங்கே அந்த விதி கைவிடப்பட்டது. 2016 முதல், இந்தப் பெண்களை அரசு நிறுவனங்கள் மூலமாக மட்டுமே அனுப்பலாம் என்றார்கள். தமிழ்நாட்டில் அது 1978ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்.

இவை நல்ல எண்ணத்தில் வந்த விதிகள் என்றே வைத்துக்கொள்வோம். நடப்பது என்ன? 24 வயதுப் பெண் போகாமல் இருப்பதில்லை. சுற்றுலா விசாவில் போகிறாள், அல்லது வயதை மாற்றிய பாஸ்போர்ட்டில் போகிறாள். அரசின் பதிவேட்டில் அவள் இல்லை. அங்கே அடி வாங்கித் தூதரக வாசலில் போய் நின்றால், ‘நீ எப்படி வந்தாய்?’ என்பதுதான் முதல் கேள்வி. ரிசானாவின் பாஸ்போர்ட்டில் மாறிய ஆறு வருடங்களுக்குப் பின்னாலும் இப்படி ஒரு வயது வரம்பு இருந்தது. கொழும்பு நீதிமன்றம் போலி ஆவணத்துக்காக ஏஜெண்டுகள் இருவருக்கு இரண்டாண்டு சிறை விதித்தது. அவர்களுக்கு இரண்டாண்டு, அவளுக்குக் கழுத்து.

இலங்கையின் வரலாறு இதில் இன்னும் பச்சையானது. 1977ல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகு அந்நியச் செலாவணிக்கான பெரிய வழிகளில் ஒன்றாக வெளிநாட்டு வேலை ஆனது. 1985ல் அதற்கென்றே வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம் வந்தது. 1990களின் நடுவில் வேலைக்காக நாட்டைவிட்டுப் போனவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் பெண்கள், பெரும்பாலும் வீட்டு வேலைக்கு. ரிசானாவின் தலை விழுந்த பிறகு அரசு செய்தது என்ன? சவூதிக்குப் போகும் பெண்களின் குறைந்தபட்ச வயதை 25 ஆக்கியது. அதே 2013ல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் தாய் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகக் கூடாது, மற்ற தாய்மார்களும் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்று அதிகாரிக்குக் காட்ட வேண்டும். வெளிநாடு போகும் தகப்பனிடம் இதைக் கேட்கவில்லை. தவாத்மியில் தகுந்த மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் போனதற்கும் மூதூரில் ஒரு தாய் தன் குழந்தையின் வயதை நிரூபிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

2022ல் டாலர் தீர்ந்து நாடு திவாலானது. ஜூன் மாதம் அமைச்சரவை கூடி வயது வரம்பை 21க்கு இறக்கியது. ஒன்பது வருடங்களில் சவூதி வீடுகள் மாறிவிட்டனவா? மத்திய வங்கியின் கையிருப்புதான் மாறியிருந்தது.

வாங்கும் நாட்டுச் சட்டம் அவளை ஒரு வீட்டின் உடைமையாக எழுதுகிறது, அனுப்பும் நாட்டுச் சட்டம் காவல் காக்க வேண்டிய ஒரு பெண்ணாக எழுதுகிறது. கூலி கேட்கவும் சங்கம் சேரவும் வேலையை விட்டுப் போகவும் உரிமையுள்ள தொழிலாளி என்று இரண்டு பேருமே எழுதவில்லை.

அப்படியிருந்தும் ஏன் போகிறார்கள்? வறுமை, கடன் என்று ஒற்றை வரியில் நானும் அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் குவைத்தில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்த அக்கா ஒருவர் அதைத் திருத்தினார். “அங்க நீ என்ன ஆளுங்கன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க பாப்பா. என் கையால பிசைஞ்ச மாவத்தான் அந்த வீடே தின்னுச்சு. இங்க எந்த வீட்லயாவது என்னை அடுப்பாண்ட விடுவாங்களா?” இதே அக்காவுக்கு முதல் இரண்டு வருடம் ஒரு நாள்கூட விடுமுறை இல்லை. பாஸ்போர்ட் மேடத்தின் பீரோவில். கடைசி ஏழு மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னார். சாதியிலிருந்து தப்பிக்க ஒருத்தி கஃபாலாவைத் தேர்ந்தெடுக்கிறாள் என்றால், தடை போடும் அரசு முதலில் தன் தெருவைப் பார்க்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கடல் தாண்டிப் போகாது என்பது உண்மை. கடலுக்கு இந்தப் பக்கம் அது எவ்வளவு தூரம் வருகிறது என்பதும் நமக்குத் தெரியும்.

இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டும். நம்மில் சிலருக்குக் கசக்கும். 2013 டிசம்பர் 12 அன்று நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதர் தேவயானி கோப்ரகடே கைது செய்யப்பட்டார். இந்தியாவிலிருந்து வீட்டு வேலைக்குக் கூட்டிப்போன பெண்ணுக்கு மணிக்கு 9.75 டாலர் தருவதாக விசா ஒப்பந்தத்தில் காட்டிவிட்டு, உண்மையில் மாதம் 30,000 ரூபாய்க்கு, அதாவது மணிக்கு 3.31 டாலருக்குப் பேசிக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு. அவரை ஆடை களைந்து சோதித்தார்கள். அது அவமதிப்பு, அதில் இரண்டு கருத்து இல்லை. டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் இருந்த தடுப்புகளை அரசு அகற்றியது. அவர் தலித் என்பதால்தான் அரசு மெத்தனமாக நடந்துகொண்டது என்றார் மாயாவதி. கட்சி வேறுபாடில்லாமல் நாடாளுமன்றம் கொதித்தது. குற்றப்பத்திரிகை தூதரக விலக்குரிமையின் பேரில் 2014 மார்ச்சில் தள்ளுபடியாகி, இரண்டே நாளில் புதிதாகப் போடப்பட்டது. குற்றச்சாட்டு நிரூபணமானது என்று நான் சொல்லவில்லை, விசாரணையே நடக்கவில்லை. ஆனால் அந்தக் கொதிப்பில், மணிக்கு 3.31 டாலர் என்ற எண்ணைப் பற்றி நம் பக்கங்களில் எத்தனை பேர் எழுதினோம்? மேலே ஏறிப் போன நம் ஆளுக்கு நடந்த அவமானம் நமக்குச் சுட்டது. அதே வீட்டுச் சமையலறையில் இருந்தவள் நமக்கு யார் என்று அன்று நாம் கேட்டுக்கொள்ளவில்லை.

விதிவிலக்கு வரிகள் தானாக விழுவதில்லை. எங்கெல்லாம் விழுந்ததோ அங்கெல்லாம் வீட்டுப் பணியாளர்களே தள்ளினார்கள். 2011 ஜூன் 16, ரிசானாவுக்குத் தண்டனை விதித்து நான்கு வருடம் முடிந்த அதே தேதி, ஜெனிவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஆதரவு 396, எதிர்ப்பு 16, வாக்களிக்காதோர் 63. அந்த மாநாட்டுக்குப் பல நாடுகளிலிருந்தும் வீட்டுப் பணியாளர்களே வந்து உட்கார்ந்து பேசினார்கள். கேப் டவுனில் வீட்டு வேலை செய்து, நிறவெறிக் காலத்திலேயே சங்கம் கட்டிய மிர்ட்டில் விட்பூய் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். உடன்படிக்கையின் 9ஆம் பிரிவை எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும். ஓய்வு நேரத்தில் வேலை செய்யும் வீட்டிலேயே இருக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, பாஸ்போர்ட்டும் அடையாள ஆவணங்களும் தொழிலாளியிடமே இருக்க வேண்டும். எல்லை கடக்கும் முன்பே எழுத்து ஒப்பந்தம் என்கிறது 8ஆம் பிரிவு. வாரத்துக்குத் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு என்கிறது 10ஆம் பிரிவு. ஒரு சர்வதேச சட்டத்தில் இவ்வளவு சின்ன விஷயங்களை எழுத வேண்டியிருந்ததே என்று முதல் வாசிப்பில் எனக்குத் தோன்றியது.

இந்தியா ஆதரித்து வாக்களித்தது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. வளைகுடா நாடுகளில் ஒன்றும் செய்யவில்லை. பிலிப்பைன்ஸ் 2012லேயே செய்தது, அடுத்த ஆண்டே உள்நாட்டு வீட்டுப் பணியாளர்களுக்கும் தனிச்சட்டம் இயற்றியது. சொந்த ஊரில் இல்லாத உரிமையை அடுத்த நாட்டிடம் கேட்க முடியாது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. 2018ல் குவைத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணின் உடல் குளிர்பதனப் பெட்டியில் கிடைத்தபோது அவர்களும் தடை போட்டார்கள். ஆனால் அந்தத் தடையைப் பேரத்துக்குப் பயன்படுத்தி, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது உள்ளிட்ட ஒப்பந்தத்தை மூன்றே மாதத்தில் வாங்கினார்கள். குவைத் அதற்கு முன்பே 2015ல் வீட்டுப் பணியாளர்களுக்கென 68ஆம் எண் சட்டத்தை இயற்றியிருந்தது. 12 மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் விடுமுறை, வருடத்துக்கு 30 நாள் விடுப்பு. சவூதி 2013 ஜூலையில் கொண்டுவந்த விதிகள் நாளுக்கு ஒன்பது மணி நேர ஓய்வு என்றன. மிச்சம் 15 மணி நேரத்தை நீங்களே கூட்டிக்கொள்ளலாம்.

தென்னாப்பிரிக்காவின் வழக்கு எனக்கு மிகப் பிடித்தது. மரியா மஹ்லாங்கு ஒரே வீட்டில் 22 வருடம் வேலை செய்தவர். கண்பார்வை மங்கியவர், நீச்சல் தெரியாது. 2012 மார்ச்சில் முதலாளி வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்து இறந்தார். வேலையிடத்து விபத்துக்கான இழப்பீட்டுச் சட்டம் அந்த நாட்டில் உண்டு. வீட்டுப் பணியாளர் நீங்கலாக. மகளும் சங்கமும் எட்டு வருடம் போராடினார்கள். 2020 நவம்பர் 19 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அந்த வரி செல்லாது என்றது, 1994ல் ஜனநாயகம் வந்த நாள் முதலே செல்லாது என்றது. வீட்டுப் பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள், இனமும் பாலும் வர்க்கமும் சேர்ந்து அவர்கள்மேல் விழுகின்றன, அந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று தீர்ப்பு விரிவாகப் பேசுகிறது. சட்டம் படிக்கும் தோழர்கள் அந்தத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். இனம் என்று வரும் இடத்தில் சாதி என்று வைத்துப் படித்தால் பல பக்கங்கள் அப்படியே நமக்குப் பொருந்தும்.

நமக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வரவில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கான தனிநபர் மசோதாக்கள் 1959 முதலே நாடாளுமன்றத்துக்கு வந்து காலாவதியாகிக்கொண்டிருக்கின்றன. மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு என்றது, ஜார்க்கண்டிலிருந்து டெல்லி அடுக்குமாடிக்குப் போன ஆதிவாசிச் சிறுமி ஒருத்திதான். தமிழ்நாட்டில் 2007ல் நலவாரியம் வந்தது. உதவித்தொகை உண்டு, ஆனால் அது முதலாளியிடம் கேட்கும் உரிமை ஆகாது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று 1982ல் ஏசியாட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வரியை நம் வீடுகளின் சமையலறை வரை இன்னும் யாரும் இழுத்து வரவில்லை. 2025 ஜனவரி 29 அன்று, டேராடூனில் பூட்டிய வீட்டிலிருந்து போலீசார் மீட்ட ஒரு பெண்ணைப் பற்றிய வழக்கில், இவர்களுக்கு நாடு தழுவிய சட்டம் இல்லை என்று வருந்திய உச்ச நீதிமன்றம், அதைப் பற்றி ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. வீட்டுக்காரர் மீதான வழக்கை அதே தீர்ப்பு ரத்து செய்தது.

குவைத்திலிருந்து வந்த அக்காவின் மகளுக்கு இப்போது 24 வயது. பத்தாம் வகுப்பில் கணக்கில் நின்றுவிட்டாள். ஏஜெண்ட் ஒருவர் இரண்டு முறை வந்து போயிருக்கிறார், விசிட் விசா என்கிறார். போகாதே என்று சொல்ல நான் போயிருந்தேன். போனால் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். குவைத் சட்டத்தில் வாரம் ஒரு நாள் லீவு உண்டு என்றதும் அக்கா நிமிர்ந்தார். “நெசமாவா? நான் இருந்தப்பவே வந்துடுச்சா அது?” ஆண்டைக் கூட்டிப் பார்த்தோம். அவர் இருந்த கடைசி மூன்று வருடமும் அந்தச் சட்டம் இருந்திருக்கிறது.

மகள் அதைத் தமிழில் கேட்டாள், போனில் வைத்துக்கொள்ள. என்னிடம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. மொழிபெயர்க்கத் தொடங்கியிருக்கிறேன், ஆறாவது பிரிவில் நிற்கிறேன். அரபியும் தமிழும் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் தந்தால் நல்லது. பாதி முடிந்ததும் இங்கேயே போடுகிறேன்.